நான்கு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஹப்: வாங்கும்முன் அடாப்டரைப் பாருங்கள்

போட்டோ, வீடியோ பேக்கப் என்று சேர்ந்து சேர்ந்து வீட்டில் 2.5 இன்ச் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நான்கு ஆகிவிட்டது, லேப்டாப்பில் இருப்பதோ இரண்டே யூஎஸ்பி போர்ட். அதனால் தனி அடாப்டரோடு வரும் 7 போர்ட் யூஎஸ்பி 3.0 ஹப் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் பார்க்க இதே மாதிரி இருக்கிற எல்லா ஹப்பும் இந்த வேலையைச் செய்யாது.

இந்த டிஸ்க்குகள் யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900 என்பது கணக்கு. ஓட ஆரம்பித்துவிட்டால் டிஸ்க் அதற்குள் அடங்கிவிடும். நின்றிருக்கும் தட்டைச் சுழற்றிக் கிளப்புகிற அந்தச் சில நொடிகளில்தான் ஒரு ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அடாப்டர் இல்லாத சாதா ஹப்பில் எத்தனை போர்ட் இருந்தாலும் லேப்டாப் தரும் அந்த 900-ஐத்தான் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் டிஸ்க் ஓடும், இரண்டாவதைச் செருகியதும் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வரும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததும் காணாமல் போகும். டிஸ்க்கே போய்விட்டது என்று பயந்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பவர் போதுகிறதா என்று பாருங்கள்.

இந்த ஹப்போடு வருவது 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர், அதாவது 36 வாட். டிஸ்க்குக்கு 5 வாட் வீதம் நான்கும் ஒன்றாகக் கிளம்பினாலும் 20 வாட்தான், சேதாரம் போகவும் மிச்சம் இருக்கும். நான்கையும் மாட்டியபடியே லேப்டாப்பை ஆன் செய்தாலும் ஒன்றுகூட முரண்டு பிடிப்பதில்லை. அதற்காக ஏழு போர்ட்டிலும் டிஸ்க் மாட்டாதீர்கள், 35 வாட் ஆகிவிடும், சேதாரத்துக்கு இடமே இருக்காது. அதே 7 போர்ட்டுக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்து விலையைக் குறைத்து விற்பதும் உண்டு. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவுக்குச் சரி, டிஸ்க்குக்கு வேண்டவே வேண்டாம். பெட்டியில் போர்ட் எண்ணிக்கைதான் பெரிதாக இருக்கும். அடாப்டர் மேல் ‘அவுட்புட்’ என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வேகத்தில் குறை இல்லை. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்யும்போது நொடிக்கு 100 எம்பிக்கு மேல் வருகிறது.

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பை 4-ல் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், அதனால் இப்படி ஒரு ஹப் இல்லாமல் ஆகாது. ஆனால் சில மலிவு ஹப்புகள் கரண்ட்டைத் திருப்பி பை பக்கமே அனுப்பும். பையின் அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஹப் கேபிளை மட்டும் விட்டுப் பாருங்கள், போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் எரியவில்லை.

பிடிக்காதது, ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்திலேயே இருக்கும் சுவிட்ச். லேசாக விரல் பட்டாலே அணைகிறது, எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் அப்படி நின்றால் பைல்கள் கெட்டுப்போகலாம். நீல விளக்குகளும் ராத்திரியில் கண்ணைக் கூசும், மேலே டேப் ஒட்டிவிட்டேன்.

அப்புறம், கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், நான்கு டிஸ்க்கும் ஒரே நொடியில் நின்றுவிடும். ஹப்பின் அடாப்டரை யூபிஎஸ்ஸில் போடுங்கள்.