"லைசென்ஸ் வேண்டாத" ஸ்கூட்டர்: 68,500 ரூபாயை வாங்கிக்கொண்டு கையை விரித்த கடை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போச்சு" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் வாயை அடைத்துவிடுவார்கள்.

தஞ்சாவூரில் பைபாஸ் பக்கம் மின்சார ஸ்கூட்டர் விற்கும் ஒரு கடை. வாசலில் பெரிய பேனர்: "லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், 16 வயதினரும் ஓட்டலாம்." அந்தக் கடை என்னிடம் 68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் மகள் ரோட்டில் ஓட்டவே கூடாத ஒரு வண்டியைத் தலையில் கட்டிவிட்டது. கடைப் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, அது ஒரு பக்கம். இதே பேனர் எல்லா ஊரிலும் தொங்குகிறது, அதுதான் இதை எழுதக் காரணம்.

மகள் பிளஸ் ஒன். நாங்கள் இருப்பது திருவையாறு பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பகலில் தஞ்சாவூருக்கு டவுன் பஸ்ஸுக்குக் குறைவில்லை. டியூஷன் முடிந்து ராத்திரி திரும்பும்போதுதான் பிரச்சினை. மெயின் ரோட்டில் இறங்கிவிட்டால் உள்ளே மூன்று கிலோமீட்டருக்கு வாழைத்தோப்பும் இருட்டும்தான். அவள் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, தினமும் போய் அழைத்து வர முடியாது. சீட்டுப் பணம் எடுத்து, குறைந்ததற்குத் தோடை அடகு வைத்து அந்தக் கடைக்குப் போனோம்.

அங்கே நான் கேட்ட முதல் கேள்வியே லைசென்ஸ்தான். விலையைக்கூட அப்புறம்தான் கேட்டேன். "பிள்ளைக்கு பதினாறுதான் ஆகுது, போலீஸ் பிடிச்சா என்ன பண்றது?" கடைப் பையன் சிரித்தான். "அக்கா, இது சட்டப்படி வண்டியே இல்ல, சைக்கிள் கணக்கு" என்று சொல்லி, லேமினேட் செய்த ஒரு தாளை மேசையில் வைத்தான். மோட்டார் 250 வாட்டுக்கு உள்ளே, வேகம் 25 கிலோமீட்டருக்கு உள்ளே, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு உள்ளே இருந்தால் அது மோட்டார் வாகனம் என்ற கணக்கிலேயே வராது என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த விதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. விதியைச் சரியாகக் காட்டிவிட்டு விதிக்குள் அடங்காத வண்டியைக் கொடுத்தார்கள், அங்கேதான் வயிறு எரிகிறது.

நான் இன்னும் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்து ஓனரே எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும், நெற்றியில் விபூதி. "ஏம்மா கவலைப்படறே, என் பேத்தியும் இதே மாடல்லதான் ஸ்கூல் போறா" என்று சொல்லி, போனில் ஒரு பெண் பிள்ளை யூனிபார்மோடு வண்டியில் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினார். என் மகளிடம் "என்ன குரூப் எடுத்திருக்க தாயி?" என்று விசாரித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் மனசு இளகிவிட்டது. 68,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அது அவர் பேத்திதானா, இல்லை எந்த வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையா, யாருக்குத் தெரியும்!

வண்டி நன்றாகவே ஓடியது. ரொம்ப நன்றாக! மகள் பஸ்ஸை ஓவர்டேக் செய்ததாகச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. கடைக்குப் போன் போட்டேன். "புது பேட்டரி அக்கா, அப்படித்தான் இருக்கும், போகப் போகக் குறைஞ்சிடும்" என்றான் பையன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வாகனச் சோதனை. பிள்ளை சொல்லிக் கொடுத்தபடியே "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம் சார்" என்றிருக்கிறாள். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவரும் இருந்தார். நான் பதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் பின் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்துக் காட்டினார். மோட்டார் மேல் "250 வாட்" என்று ஒரு வெள்ளி ஸ்டிக்கர். அதன் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் உலோகத்திலேயே பொறித்திருந்தது: 60 வோல்ட், 800 வாட். சீட்டைத் தூக்கி, கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு வெள்ளை வயரைக் காட்டினார். இரண்டு முனையையும் சேர்த்துச் செருகினால் வேகம் 25-இல் நிற்கும், பிரித்துவிட்டால் 45 வரை போகும். எங்கள் வண்டியில் அதைப் பிரித்து, முனைக்குக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப்பில் தூசி ஏறி வயரோடு ஒட்டிப் போயிருந்தது. கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது.

அப்புறம் அவர் சட்டத்தைச் சொன்னார். எனக்குக் கை கால் நடுங்கியது. இந்த வண்டி மோட்டார் வாகனம்தான். அதை ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும். 16 வயதில் ஓட்டலாம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருப்பது 50 சிசிக்கு மிகாத இருசக்கர வண்டிக்கு மட்டும். இன்று கடையில் புதிதாக நிற்கிற ஸ்கூட்டர் எல்லாம் 110, 125. ஊர்ப்பக்கம் மூட்டை ஏற்றும் எக்ஸ்எல் கூடக் கிட்டத்தட்ட 100 சிசி. அந்தக் காலத்து டிவிஎஸ் 50-ஐ யாராவது திண்ணையில் வைத்திருந்தால்தான் அந்தச் சலுகைக்கு வேலை.

2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் மேல்தான் வழக்கு. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. எங்கள் வண்டிக்குப் பதிவும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. யார் மேலாவது மோதியிருந்தால் நஷ்ட ஈடு முழுக்க எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அன்றைக்கு எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். "இனி இது ரோட்டுக்கு வரக் கூடாதும்மா" என்றார் அவர். வண்டியை ஒரு குட்டி யானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு வாடகை வேறு.

மறுநாளே கடைக்குப் போனேன். நுழையும்போது "வாங்கக்கா" என்ற அதே பையன், விஷயத்தைக் கேட்டதும் "மேடம்" ஆக்கிவிட்டான். ஓனர் திருச்சி போயிருக்கிறாராம். அடுத்த தடவை போனால் கும்பகோணம் போயிருக்கிறாராம். கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்றார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்றால் பதில் இல்லை. வாட்ஸ்ஆப்பில் ஸ்டிக்கர் உரித்த படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். விடாமல் போய் உட்கார்ந்து ஒருவழியாக ஓனரைப் பிடித்தால், விபூதியெல்லாம் அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் மாறிவிட்டது. "வயரை நீங்கதான் எங்கயாவது மெக்கானிக்கிட்ட குடுத்துப் பிரிச்சிருப்பீங்க." ஸ்டிக்கரையும் நான்தான் ஒட்டினேனா என்று கேட்டேன். "சத்தம் போடாதீங்க, கஸ்டமர் இருக்காங்க" என்கிறார். அந்தக் கஸ்டமரும் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர்தான்!

கடைசியில் இறங்கி வந்து இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, பழைய வண்டிக் கணக்கில் 22,000-க்கு எடுத்துக்கொள்கிறாராம். 68,500 ரூபாய் கொடுத்த வண்டியை! இன்னொன்று, மேலே 4,000 கொடுத்தால் "நம்ம ஆள்" மூலம் பிள்ளைக்கு எல்எல்ஆர் போட்டுத் தருகிறாராம். 16 வயதில் பெற்றவர் எழுத்துமூலச் சம்மதத்தோடு எல்எல்ஆர் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் அதுவும் அந்த 50 சிசி வகைக்குத்தான். அதை வைத்துக்கொண்டு இந்த வண்டியை ஓட்டினால் மறுபடியும் அதே 25,000, அதே வழக்கு. ஏமாந்தவளிடமே இன்னொரு தடவை கை வைக்கப் பார்க்கிறார்கள்.

பில்லை எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை. "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, மோட்டார் எண் கிடையாது. "பேட்டரி வண்டி 1, ரூ. 68,500" என்று பேனாவில் எழுதி, கீழே "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று முத்திரை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இதற்கு மேல் பொறுமை இல்லை. லைசென்ஸ் வேண்டாத வண்டி என்றால் அந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிறுவனம் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேளுங்கள், அதில் இருக்கும் மாடல் பெயரும் வண்டியில் இருப்பதும் ஒன்றா பாருங்கள். மோட்டார் மேல் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், பொறித்திருப்பதைப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது முழுசாக முறுக்குங்கள், 25-ஐத் தாண்டினால் அப்படியே இறங்கி வந்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மகள் இப்போது எப்படிப் போகிறாள் என்று கேட்பீர்கள். பஸ்ஸில்தான். அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பாஸ் இல்லாவிட்டாலும் 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை மெயின் ரோட்டில் பெரியம்மா வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிறாள். டியூஷனை சனி, ஞாயிறு பகலுக்கு மாற்றிக் கேட்டோம், வாத்தியார் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு சைக்கிளுக்கு ஒரு டியூப். 68,500 ரூபாய் வண்டி மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறது, தோடு இன்னும் அடகுக் கடையில்.

எஸ்டிமேட் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பணம் கொடுத்ததற்கு வேறு என்ன சாட்சி காட்டினீர்கள்? நான் கொடுத்தது முழுக்க ரொக்கம். பையன் வாட்ஸ்ஆப்பில் "68,500 ஃபைனல் அக்கா" என்று போட்ட ஒரு வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. அது போதுமா?