என்டிபிசி, பவர்கிரிட், டாடா பவர்: மூன்று மின் நிறுவனங்கள், மூன்று வகை ரிஸ்க்

2024-25 நிதியாண்டில், மின்சாரம் உற்பத்தி செய்யும் என்டிபிசி குழுமத்தின் நிகர லாபம் 23,953 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 21,332 கோடி. உயரழுத்த லைன்களில் மின்சாரத்தைக் கடத்தும் பவர்கிரிட்டுக்கு 15,521 கோடி; முந்தைய ஆண்டின் 15,573 கோடியைவிடச் சற்றே குறைவு. உற்பத்தி முதல் வீட்டுக்கு விநியோகம் வரை செய்யும் டாடா பவருக்கு, ஒருமுறை மட்டும் வரும் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 5,197 கோடி. பவர்கிரிட்டின் லாப விகிதம் 34 சதவீதம், என்டிபிசிக்கு 13-தான், அதனால் பவர்கிரிட்தான் திறமையான நிறுவனம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு செல்லாது. என்டிபிசியின் சுமார் 1.88 லட்சம் கோடி வருமானத்தில் பெரும்பகுதி நிலக்கரிச் செலவு. மின்வாரியங்களிடம் வாங்கி கோல் இந்தியாவுக்கும் ரயில்வேக்கும் போய்ச்சேரும் பணம். பவர்கிரிட்டுக்கு எரிபொருள் செலவே கிடையாது.

மின் நிறுவனங்களை ஒப்பிட லாப விகிதம் உதவாது. நிலக்கரி விலை ஏறினால், வாங்குபவர் மின்சாரம் வேண்டாம் என்றால், திட்டம் தாமதமானால், பில் பணம் வராவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று கேட்க வேண்டும். மூன்று நிறுவனங்களுக்கும் பதில் வேறு வேறு. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஆலைக்கு ஆலை பதில் மாறும்.

என்டிபிசி: உத்தரவாதம் உண்டு, நிபந்தனையோடு

என்டிபிசியின் அனல் மின் நிலையங்களுக்குக் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2024-29 காலத்துக்கான விதிகளின்படி, திட்டச் செலவில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் பங்கு மூலதனம். அந்த மூலதனத்துக்கு வரி போக 15.5 சதவீதம் வருவாய். 10,000 கோடி செலவில் ஒரு நிலையம் கட்டினால் மூலதனம் 3,000 கோடி, ஆண்டு வருவாய் 465 கோடி. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் நிலைக்கட்டணத்தில் சேர்ந்து வந்துவிடும். நிலக்கரி விலை தனியாக, எரிபொருள் கட்டணமாக வசூலாகும்.

இதனால் இதை வங்கி டெபாசிட் மாதிரி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் முழு நிலைக்கட்டணம் கிடைக்க, நிலையம் பொதுவாக 85 சதவீத நேரம் ஓடத் தயார் நிலையில் இருக்க வேண்டும். ஓட வேண்டும் என்பதில்லை, தயாராக இருந்தால் போதும். நாம் எடுத்துக்கொண்ட நிலையத்தின் நிலைக்கட்டணம் ஆண்டுக்கு 1,500 கோடி என்று வையுங்கள். தயார்நிலை 80 சதவீதத்துக்கு இறங்கினால் 85-ல் 5 பங்கு போகிறது. அதாவது சுமார் 88 கோடி. செலவுகள் அப்படியே இருக்கும் என்பதால் இது நேராக 465 கோடியிலிருந்துதான் கழியும். தயார்நிலையில் ஐந்து புள்ளி சரிந்தால் லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி.

இன்னொரு கசிவு வெப்ப விகிதத்தில், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்க வேண்டிய வெப்பத்தில். ஒரு யூனிட்டுக்கு 2,400 கிலோகலோரி என்று ஆணையம் அனுமதித்திருக்க, ஆலையில் உண்மையில் 2,450 ஆகிறது என்று கொள்வோம். கிலோவுக்கு 3,515 கிலோகலோரி வெப்பம் தரும் நிலக்கரி, டன் 3,500 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு சுமார் 5 பைசா கூடுதல் செலவு. 75 சதவீத அளவில் ஓடும் 500 மெகாவாட் ஆலைக்கு இது ஆண்டுக்கு 16 கோடி. இந்த நஷ்டத்தை யாரிடமும் வசூலிக்க முடியாது. மிச்சம் பிடித்தாலோ வாங்குபவரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு கசிவும் இனி பெரிதாகும் என்பதே என் கவலை. பகலில் சூரிய மின்சாரம் குவிவதால் அனல் நிலையங்களை 55 சதவீதம் வரை இறக்கி ஓட்டி, மாலையில் வேகமாக ஏற்றுகிறார்கள். படிப்படியாக 40 சதவீதம் வரை இறக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் (கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் அல்ல, தொழில்நுட்ப விதிகளுக்கான வேறு அமைப்பு) விதி. பாதி சுமையில் வெப்ப விகிதம் கெடும். அதற்கு ஓரளவு ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் தினமும் சூடாகிக் குளிரும் பாய்லர் குழாய்களில் விரிசல் விட்டால் ஆலையை நிறுத்தித்தான் சரிசெய்ய முடியும். அந்த நாட்கள் தயார்நிலைக் கணக்கில்தான் குறையும்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பக்கம் கதையே வேறு. 2024 நவம்பரில் 10,000 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்ட துணை நிறுவனமான என்டிபிசி கிரீனுக்கு 15.5 சதவீத உத்தரவாதம் இல்லை. ஏலத்தில் கேட்ட விலைதான் 25 ஆண்டுக்கும். பேனல் விலை, வட்டி, வெயில் அளவு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. 2032-க்குள் 60 ஜிகாவாட் என்ற இலக்கு நிறைவேறும்போது என்டிபிசியின் ரிஸ்க்கே நிறம் மாறியிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் பழைய மதிப்பீட்டை அப்படியே நீட்டுவது ஆபத்து.

பவர்கிரிட்: நிம்மதி அதிகம், வளர்ச்சி கடினம்

பவர்கிரிட்டின் பழைய லைன்களுக்கும் இதே 15.5 சதவீத ஏற்பாடுதான். 2024 ஏப்ரலுக்குப் பின் வந்த புதிய திட்டங்களுக்கு 15. எரிபொருள் இல்லை, லைனில் எவ்வளவு மின்சாரம் பாய்ந்தாலும் கட்டணம் ஒன்றே. ஏசி லைன் 98 சதவீத நேரம் தயாராக இருந்தால் போதும். பவர்கிரிட் வழக்கமாக 99-ஐத் தாண்டிவிடும். ராய்கர்-புகளூர் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுள்ளது. அது பாதி சுமையில் ஓடினாலும் பவர்கிரிட்டின் வருமானம் குறையாது.

அப்படியானால் லாபம் ஏன் அதே இடத்தில் நிற்கிறது? பதில் தேய்மான விதியில் இருக்கிறது. 1,000 கோடி ரூபாய் செலவான பழைய லைனுக்கு முதல் 12 ஆண்டுகள் 5.28 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 52.8 கோடி, தேய்மானமாகக் கட்டணத்தில் வரும். கடனை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு. 35 ஆண்டு ஆயுளில் மீதி 23 ஆண்டுக்கு அது 11.6 கோடியாக இறங்கிவிடும். கடனில் பெரும்பகுதி தீர்ந்ததால் வட்டிப் பகுதியும் ஏறக்குறைய போய்விடும். மூலதனத்துக்கான 46.5 கோடி மட்டும் மாறாமல் நிற்கும், விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அது ஏறாது. ஆண்டுதோறும் ஒரு பகுதி லைன்கள் இந்தப் படியில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. புதிய லைன் கணக்கில் ஏறினால்தான் வருமானம் நிலைக்கும், அதற்கு மேல் ஏறினால்தான் வளரும்.

புதிய லைன்களோ இப்போது பெரும்பாலும் போட்டி ஏலத்தில்தான் கிடைக்கின்றன. 35 ஆண்டுக்கான கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வட்டி ஏறினாலும் அலுமினியம் ஏறினாலும் அந்தக் கட்டணம் அசையாது. டிரான்ஸ்பார்மர் வரத் தாமதம், நிலத்துக்கான இழப்பீட்டுத் தகராறு என்று வேலை நின்றால் வருமானம் தள்ளிப்போவதோடு அபராதமும் உண்டு. 2024 ஜூனில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், லைன் போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று இழப்பீடு உயர்ந்தது. விவசாயிக்கு இது நியாயமானது. இதற்கு முன்பே விலை கேட்ட திட்டங்களில் செலவுக் கணக்கு மாறுகிறது. ராஜஸ்தான், குஜராத்தில் அழிந்துவரும் கானமயில் பறவை லைன்களில் மோதுவது பற்றிய வழக்கு தனி. 2021-ல் உச்ச நீதிமன்றம் லைன்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டு பாலைவன லைன்கள் பல இழுபறியில் கிடந்தன.

இங்கே என்டிபிசி கிரீனும் பவர்கிரிட்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள். லைன் தயாராகி சூரிய நிலையம் தாமதமானால், மெகாவாட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தாமதித்தவர் கட்ட வேண்டும். நிலையம் தயாராகி லைன் தாமதமானால், விற்க முடியாத மின்சாரத்தின் நஷ்டம் பெருமளவு உற்பத்தியாளர் தலையில்தான்.

டாடா பவர்: எல்லா ரிஸ்க்கும் ஒரே கூரைக்குள்

டாடா பவரைப் புரிந்துகொள்ள குஜராத்தின் முந்த்ரா அனல் மின் நிலையம் போதும். 4,000 மெகாவாட் ஆலை, 2006 ஏலத்தில் யூனிட்டுக்கு சராசரி 2.26 ரூபாய் என்று கேட்டு வென்றது. இந்தோனேசிய நிலக்கரி மலிவாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்ட விலை. 2010-ல் இந்தோனேசியா ஏற்றுமதி விலையைச் சந்தை விலையோடு கட்டியது, கணக்கு கவிழ்ந்தது. எரிபொருள் விலையேற்றத்தைத் தவிர்க்க முடியாத இடர் என்று ஏற்க உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் மறுத்துவிட்டது. அதே இந்தோனேசியாவில் கேபிசி நிலக்கரிச் சுரங்கத்தில் டாடா பவருக்கு 30 சதவீதப் பங்கு இருந்ததால் ஒரு பக்க நஷ்டத்தை மறுபக்க லாபம் ஓரளவு தாங்கியது. பின்னாளில் நெருக்கடி நேரத்தில் ஆலையை ஓட்டச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தரும் மின்சாரச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்கீழ் வந்த ஆணை, எரிபொருள் செலவை வசூலிக்க வழி கொடுத்தது. 2025 ஜூன் 30-ல் ஆணை முடிந்ததும் ஆலை நின்றது. ஓர் அரசு ஆணையின் தேதியில் தொங்கும் லாபம் இது.

மற்ற தொழில்களில் ரிஸ்க் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒடிசாவில் நான்கு விநியோக நிறுவனங்களில் 51 சதவீதம். மின் இழப்பைக் குறைப்பதாகக் கொடுத்த இலக்கைத் தாண்டினால் லாபம், தவறினால் சொந்தச் செலவு. டெல்லியில் கட்டணம் உயர்த்தப்படாததால் பின்னாளில் வசூலிக்க வேண்டிய தொகை ஆண்டுக்கணக்கில் குவிந்துகிடக்கிறது. ஏட்டில் இது சொத்து, கையில் பணமில்லை. இவற்றைக் காலவரம்புக்குள் தீர்க்க உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது நல்ல செய்தி; அதற்குக் கட்டணம் உயர வேண்டும் என்பது அரசியல். திருநெல்வேலி கங்கைகொண்டானில் உள்ள 4.3 ஜிகாவாட் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை உற்பத்தித் தொழில். சீன விலையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அதன் லாபத்தைத் தீர்மானிக்கும்.

பணம் கைக்கு வருகிறதா?

என்டிபிசிக்கும் பவர்கிரிட்டுக்கும் ஒரு பிடி உண்டு: மாநில அரசு, மத்திய அரசு, ரிசர்வ் வங்கி மூவருக்குமான ஒப்பந்தம். மின்வாரியம் கட்டாவிட்டால் மாநிலக் கணக்கிலிருந்தே பிடித்தம் செய்யலாம். தனியார் நிறுவனமான டாடா பவருக்கு இது இல்லை. பவர்கிரிட்டுக்கு இன்னொரு பாதுகாப்பு: கட்டணம் பொதுத் தொகுப்பாக வசூலாகிறது, ஒரு மாநிலம் பாக்கி வைத்தால் நாட்டின் கடத்தல் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து தாங்கும். என்டிபிசிக்கு ஒவ்வொரு நிலையத்தின் வாங்குபவரும் தனித்தனி. தமிழ்நாடு மின்வாரியத்தோடு சரிபாதியாக நடத்தும் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையத்தில் மின்வாரியம் பங்காளி, வாடிக்கையாளர் இரண்டுமே.

2022 ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகள் நிலைமையைப் பெரிதும் மாற்றின. சுமார் 1.38 லட்சம் கோடி பாக்கி, அதிகபட்சம் 48 தவணையாகப் பிரிக்கப்பட்டது. கட்டத் தவறினால் சந்தையில் மின்சாரம் வாங்கத் தடை. பாக்கி குறைந்தது. கூடவே, இதர வருமானத்தில் வந்துகொண்டிருந்த தாமதக் கட்டணமும் குறையும். இதர வருமானம் சரிந்ததைப் பார்த்துப் பதறாமல், நிலுவையும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

காலாண்டு முடிவு வந்த அன்று என்டிபிசியில் நான் முதலில் பார்ப்பது நிலக்கரி நிலையங்களின் தயார்நிலை. அடுத்து, பழைய ஆண்டுகளுக்கான பில் இந்தக் காலாண்டு வருமானத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற குறிப்பு. ஆணையத்தின் தாமதமான உத்தரவு ஒன்றே லாபத்தை நூற்றுக்கணக்கான கோடி ஏற்றிக் காட்டும். அது அடுத்த காலாண்டில் திரும்பி வராது. பவர்கிரிட்டில் கையிலுள்ள ஆர்டர் தொகையைவிட அந்த ஆண்டு முடிந்து கணக்கில் ஏறிய லைன்களின் மதிப்புதான் முக்கியம். டாடா பவரில் மொத்த லாபத்திலிருந்து சிறுபான்மைப் பங்குதாரர்களின் பங்கைக் கழித்துவிட்டுப் படியுங்கள். ஒடிசா, டெல்லி லாபத்தில் 49 சதவீதம் மற்றவர்களுடையது. தூக்கம் கெடாமல் டிவிடெண்ட் வேண்டும் என்பவருக்குப் பவர்கிரிட் பொருந்தும். மூன்றில் ஒன்றுதான் என்றால் நான் என்டிபிசியைச் சொல்வேன், கிரீன் பிரிவின் ஏல விலைகளைத் தொடர்ந்து கவனிக்க முடியும் என்றால். டாடா பவரை வைத்திருப்பவர் முந்த்ராவுக்கு குஜராத் முதலான மாநிலங்களோடு புதிய ஒப்பந்தம் என்ன விலையில் கையெழுத்தாகிறது என்பதைப் படிக்காமல் மேலும் வாங்கக் கூடாது.