விசிலை யாரிடம் கொடுப்பது?

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கால்பந்து ஆட்டம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. கடைசியாகத் தன் காலில்தான் பட்டது என்று அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "எங்கள் பந்து!" என்று கையைத் தூக்குகிறான். கண்கள் நடுவரிடம் இருக்கின்றன. நடுவரும் அவன் பக்கமே கை காட்டிவிட்டால் பந்தை எறிய ஓடுகிறான். பொய் சொன்னோம் என்ற எண்ணமே அவனுக்கு வருவதில்லை. சரி எது, தவறு எது என்று பார்ப்பது நடுவரின் வேலை என்றுதான் அவனுக்குப் பழக்கியிருக்கிறோம்.

குழு விளையாட்டின் வழியே பிள்ளைகளுக்கு நேர்மையைப் பழக்க நான்கு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன: நடுவரை வைத்துத் தவறுகளைத் தண்டிப்பது, தீர்ப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவது, நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுப்பது, வெற்றி தோல்வியைக் கணக்கில் வைக்காமலே ஆடவிடுவது. சின்ன வயதுக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

நடுவர் முறையின் பெரிய பலம் பாதுகாப்பு. ஆபத்தாகக் காலை வாரும் பிள்ளையை அந்த நொடியே நிறுத்த ஒரு பெரியவர் தேவை. இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்கு மேல் இந்த முறை என்ன கற்றுத் தருகிறது? மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கோப்பையில் முதன்முதலாக 1970இல் வந்தன. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவருக்குப் போக்குவரத்து விளக்கைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. எந்த மொழி பேசும் வீரருக்கும் தண்டனை பளிச்சென்று விளங்க வேண்டும் என்பதே நோக்கம். அந்த வேலையை அட்டைகள் அருமையாகச் செய்கின்றன. பிள்ளைகளின் மனத்தைப் பண்படுத்த யாரும் அவற்றை உருவாக்கவில்லை. விசில் ஒலித்தால் தவறு, ஒலிக்காவிட்டால் தவறே நடக்கவில்லை என்பதுதான் சில ஆண்டுகள் ஆடிய பிள்ளைக்கு மிஞ்சும் பாடம்.

நடுவர் இருக்கும் ஆட்டத்திலும் நேர்மை பூக்கும் என்பதை மறுக்கவில்லை. 2003 உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில், நடுவர் அவுட் கொடுக்காதபோதும் ஆடம் கில்கிறிஸ்ட் தானே வெளியேறினார். 1980இல் பம்பாய் டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்துவிட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்திய அணித் தலைவர் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லர் போத்தமுடன் நின்று ரன் குவித்தார், இந்தியா தோற்றது. இருவரும் நடுவரின் தீர்ப்பு தங்களுக்குச் சாதகமாக இருந்தும் அதைத் தாண்டித் தாங்களே முடிவெடுத்தார்கள். முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

அந்த வாய்ப்பை ஆட்டத்தின் அடித்தளமாகவே வைத்திருப்பது, பறக்கும் வட்டை எறிந்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பி என்ற குழு விளையாட்டு. 1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. உலகப் போட்டிகளில்கூடத் தவறுகளை வீரர்களே அறிவிக்கிறார்கள். எதிராளி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். மறுத்தால் சுருக்கமாகப் பேசுகிறார்கள். உடன்பாடு வராவிட்டால் வட்டு எறிந்தவரிடமே பெரும்பாலும் திரும்பிப் போகும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணியின் நடத்தைக்கு ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு 4 வரை மதிப்பெண் கொடுக்கிறது. முதல் தலைப்பே விதிகளை அறிந்திருப்பது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். களத்து அழுகுணி ஆட்டங்களில் பெரும்பகுதி விதி தெரியாத பிள்ளைகள் ஆளுக்கொரு விதியை நம்புவதால் வருவது. ஏமாற்றும் எண்ணம் அவ்வளவு இருப்பதில்லை.

ஜெர்மனியின் குழந்தைகள் கால்பந்தில் ஃபேர் பிளே லீக் என்ற அமைப்பு இதே வழியில் போகிறது. நடுவர் கிடையாது. இரண்டு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் அருகருகே நிற்க வேண்டும். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தீர்ப்புக் கேட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் கண்ணில் இன்னொரு பிள்ளைதான் படும்.

இந்த முறைக்குக் குறை உண்டு, சிறியதும் அல்ல. உரக்கப் பேசும் பிள்ளை ஜெயித்துவிடும். கூச்சப்படும் பிள்ளை தனக்கு உரிய பந்தையும் விட்டுக்கொடுத்துவிடும். அதைப் பெருந்தன்மை என்று தட்டிக்கொடுக்கும் பயிற்சியாளர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை பயத்தில் ஒதுங்கியது. சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பேச வேண்டும், சுற்றி நிற்பவர்கள் வாய் திறக்கக்கூடாது என்ற விதியைக் கறாராகக் கடைப்பிடித்தால் நிலைமை பெரிதும் மாறும்.

மூன்றாவது முறை கேட்க இனிமையானது. ஆனால் நடத்தைப் புள்ளியை வெற்றியோடு கட்டிவிட்டால் அதுவும் இன்னொரு கணக்காகிவிடும். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாக நின்றபோது, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், கடைசி நிமிடங்களில் தாக்க முயலாமல் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தது. அரங்கம் கூச்சலிட்டது. விதி எதையும் அவர்கள் மீறவில்லை. நியாயத்துக்கான புள்ளிதான் அப்படி ஆட வைத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டி என்ன விளக்குவது?

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நார்வேயில் 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியல், தரவரிசை கிடையாது. பெற்றோரின் வெறியை அடக்க நல்ல வழி. பிள்ளைகளோ கோல்களை மனத்துக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள், எண்ணட்டும்.

ஆகவே என் ஏற்பாடு இது. பத்து வயதுவரை ஓரத்தில் ஒரு பெரியவர் நின்று, அடிபடும் ஆபத்து இருந்தால் மட்டும் நிறுத்தட்டும். மற்றதெல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. பன்னிரண்டுக்குப் பிறகு போட்டிகளுக்கு நடுவர் வரட்டும், பயிற்சி ஆட்டங்கள் நடுவர் இன்றியே தொடரட்டும். முதல் சில வாரங்கள் கூச்சலும் கண்ணீருமாகத்தான் போகும். பாதி ஆட்டம் வாக்குவாதத்திலேயே கரையும். அப்போது விசிலைத் திரும்ப எடுக்கக் கை பரபரக்கும். எடுக்காதீர்கள்.