வைகைத் தண்ணீரைச் சோதிக்க எது உதவும்: டிடிஎஸ் பேனாவா, ஆக்சிஜன் கிட்டா?

ஆற்றைக் காக்கக் கிளம்பும் குழுக்கள் முதலில் வாங்குவது சட்டைப்பையில் சொருகிக்கொள்ளும் டிடிஎஸ் மீட்டர்தான். மலிவு, தண்ணீரில் முக்கியதும் எண் காட்டும். ஆனால் அது மின்கடத்துதிறனை அளந்து கரைந்த உப்பைக் கணக்கிடும் கருவி. அழுகும் கழிவும் கிருமியும் அதற்குத் தெரியாது. மதுரையில் பந்தல்குடி கால்வாய் வைகையில் விழும் இடத்தில் 700 காட்டுகிறது, வீட்டு போர்த் தண்ணீர் 1500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதான் சுத்தம் என்று சொல்ல முடியுமா?

சாக்கடை கலப்பைக் காட்டுவது கரைந்த ஆக்சிஜன். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வகைப்பாட்டில் லிட்டருக்குக் குளிக்க 5 மில்லிகிராம், மீனுக்கு 4 வேண்டும். சித்திரையில் அழகர் இறங்கும் ஆற்றுக்கு இந்த எண்தான் கேட்கத்தக்கது. அதனால் எங்கள் ஓட்டு, கரைந்த ஆக்சிஜனை ரசாயனக் கரைசல்களால் அளக்கும் வின்க்லர் முறை கிட்டுக்கே.

பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழி மாட்டினாலும் அளவு கூடும். மாங்கனீசு சல்பேட், அடுத்து அயோடைடு-அசைடு கரைசல் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்தக் காட்சியே ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும். திரிவு பாதிக்குப் படிந்ததும் மறுபடி குலுக்கி, படியவிட்டு அமிலம் விட்டால் மஞ்சளாகும். இதுவரையுள்ள வேலையைக் கரையிலேயே முடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆக்சிஜன் அதற்குள் மாறிவிடும். பிறகு தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஸ்டார்ச். அதனால் வரும் நீலம் மறையும்வரை தயோசல்பேட்டைத் தொடர வேண்டும்; மறையும் இடமே முடிவுப்புள்ளி, அதுவரை செலவான தயோசல்பேட்டே ஆக்சிஜன் அளவைச் சொல்லும். முன்கூட்டியே ஊற்றினால் நீலம் சட்டென மறையாது, முடிவுப்புள்ளி தவறும்.

கடையில் அசைடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாத கிட், சாக்கடை நீரிலுள்ள நைட்ரைட்டால் கூடுதலாகக் காட்டும். அசைடு விஷம், அமிலம் கண்ணைப் பறிக்கும்: கையுறை, கண்ணாடி கட்டாயம். மீதக் கரைசலைக் கேனில் சேர்த்து ரசாயன ஆய்வகம் உள்ள கல்லூரியில் கொடுங்கள், ஆற்றில் ஊற்றவே கூடாது.

நேரமும் முக்கியம். பாசி படர்ந்த தேக்கத்தில் பிற்பகலில் அளவு ஏறும், விடியலில் இறங்கும். காலை ஏழுக்கு முன் எடுங்கள். நகருக்கு மேலே துவரிமான் பக்கம் ஒன்று, கால்வாய் சேர்ந்து நன்றாகக் கலந்த பிறகு ஒன்று, விரகனூர் மதகணைக்கு மேல் ஒன்று. வைகை அணையில் தண்ணீர் திறந்த நாளைக் குறிப்பேட்டில் எழுதாவிட்டால், கழிவு நீர்த்துப்போனதை யாராவது சுத்தமானதாகப் படித்துவிடுவார்கள்.