அம்பாசடரின் பின்விளக்கோடு மூன்று வருடம்

2022 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், உசிலம்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். செக்கானூரணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த மினி லாரி பம்பரில் வந்து முட்டி நின்றது. அம்பாசடர் பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வண்டியின் முன் கிரில்தான் உடைந்தது. சண்டைக்குத் தயாராக இறங்கினேன். ஓட்டி வந்த பையன் முந்திக்கொண்டான்: "அண்ணே, நீங்க பிரேக் புடிச்சதே தெரியலண்ணே. லைட்டு எரியுதான்னு மொதல்ல பாருங்க."

மைத்துனரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். எரியத்தான் செய்தது, மாடக்குழி அகல்விளக்கு மாதிரி. அதற்கு மேல் அந்தப் பையனிடம் என்ன பேச?

வண்டி 1973 மாடல் மார்க் 2. அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. வாரத்தில் மூன்று நாளாவது ஓடும், ஷெட்டில் துணி போர்த்தி வைக்கிற வண்டி இல்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டு, பேட்டரியின் நெகடிவ் முனை பாடியோடு சேரும்படி (நெகடிவ் எர்த்) மாற்றிப் பல வருடம் ஆகிறது. இன்னும் டைனமோவிலேயே ஓட்டுபவர்களுக்குத் தெரியும், சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது சார்ஜ் ஏறாமல் விளக்கெல்லாம் மங்கும். பின்னால் வருபவனுக்கு நாம் நன்றாகத் தெரிய வேண்டிய நேரமும் அதுதான்.

எல்லோரையும் போல நானும் முதலில் பல்பைத்தான் குறை சொன்னேன். இணையத்தில் வெள்ளை எல்இடி பல்ப் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பகலில் பளிச்சென்று இருந்தது. ராத்திரி நண்பர் ஒருவரைப் பின்னால் பைக்கில் வரச் சொன்னேன். கோரிப்பாளையத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, "நீ பிரேக் போட்டியா, சும்மா போனியான்னே தெரியல. ரெண்டும் ஒரே மாதிரி ரோஸ் கலர்ல இருக்கு" என்றார். சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டும்தான் வெளியே விடும். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம்தான் தூக்கல், சிவப்பு குறைவு. அதனால் நிறமும் கெட்டு வெளிச்சமும் வீணாகிறது. அதைவிடப் பெரிய கோளாறு, டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசமே இல்லாதது. சாதாரண இரட்டை இழை பல்பில் டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். அந்த நாலு மடங்குத் தாவலைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர் கால் பிரேக்குக்குப் போகிறது.

சரி, சிவப்பு எல்இடி போடலாம் என்று அடுத்த சுற்று. நிறம் சரியானது. ஆனால் விளக்குக்குள் பல்பைச் சுற்றி ஒளியைத் திருப்பிவிடும் அந்தப் பழைய கிண்ணம், இழை இருக்கும் இடத்திலிருந்து ஒளி எல்லாப் பக்கமும் பரவும் என்று கணக்குப் பண்ணிச் செய்தது. நான் வாங்கிய பல்பில் எல்இடிகள் முனையில்தான் அதிகம். நேர் பின்னால் நின்றால் கண் கூசும், பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தால் ஒன்றுமில்லை. பக்கவாட்டிலும் ஒளி விடுகிற வகையாகப் பார்த்து வாங்கியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அதை யோசிப்பதற்குள் சித்திரை வெயிலில் ஒரு பக்கம் செத்துவிட்டது.

அப்புறம்தான் உருப்படியான காரியம் நடந்தது. அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கும் எலக்ட்ரீசியன் ஒருவர் சிம்மக்கல் பக்கம் இருக்கிறார். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொல்லி நம்பர் பிளேட் விளக்கைப் பார்த்தார். அது லேசாக மினுங்கியது. "எர்த்தே இல்ல தம்பி. எர்த் இல்லாம நீ சூரியனக் கொண்டாந்து மாட்டினாலும் எரியாது."

விஷயம் இதுதான். விளக்கின் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி, பல்ப் ஹோல்டர் வழியாகப் பாடிக்குத்தான் போகிறது. ஐம்பது வருடத் துருவும், மேலே மேலே அடித்த பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக இடமில்லாமல், அதே பல்பின் டெயில் இழை வழியாகப் புகுந்து நம்பர் பிளேட் விளக்கில் போய் எர்த் தேடியிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட், பிரேக் எரியும்போது ஹோல்டரில் 10.1. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். எங்கள் கணக்குக்குப் பாதி வெளிச்சம்கூட மிஞ்சவில்லை.

ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு விளக்கிலிருந்தும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, டிக்கிக்குள் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் வயர் முனைக்கு லக் (தகட்டு வளையம்) வைத்து முடுக்கினார். மேலே கொஞ்சம் கிரீஸ். கிண்ணங்களின் உள்பக்கம் கறுத்துப்போயிருந்தது, அதைத் துடைத்துச் சில்வர் பெயின்ட் அடித்தோம். பழையபடி 21/5 வாட் இழை பல்ப். மறுபடி அளந்தால் ஹோல்டரில் 12.1. மொத்தச் செலவு, அவர் கூலியையும் சேர்த்து, நான் எல்இடிக்கு அழுத காசில் பாதிகூட இல்லை. மூன்று வருடமாக அந்த எர்த்தைத் தொடவே இல்லை.

அடுத்தது பிரேக் ஸ்விட்ச். அம்பாசடரில் அது பெடலில் இல்லை, பிரேக் ஆயில் லைனில் இருக்கிறது. ஆயிலில் அழுத்தம் ஏறினால்தான் விளக்கு எரியும். மெதுவாகக் கால் வைத்து வேகத்தைக் குறைத்தால் பின்னால் ஒன்றும் தெரியாது. இரண்டு பல்புக்கும் சேர்த்து மூன்றரை ஆம்பியர் அதன் வழியே போவதால் உள்ளே காண்டாக்ட்டும் கருகிவிடும். பெடல் கைக்கு மேலே ஒரு சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்சும், பல்பின் மின்சாரத்தை ஸ்விட்சுக்குப் பதில் தாங்கிக்கொள்ள நடுவில் ஒரு ரிலேயும் போட்டோம். இப்போது பெடலில் கால் வைத்த உடனே விளக்கு வந்துவிடுகிறது. இந்த ஸ்விட்ச் ஒரே ஒரு தடவை தொல்லை கொடுத்தது. நட்டு தளர்ந்து, விளக்கு விடாமல் எரிந்து, காலையில் பேட்டரி காலி. தப்பு என்னுடையது, லாக் நட்டை முடுக்கவில்லை.

மூன்றாவது பிரேக் லைட் போடலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பழைய வண்டிக்காரர்களுக்கு இது பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கினார்கள். பின்னால் மோதும் விபத்துகள் நீண்ட கால அளவில் 4.3 சதவீதம் குறைந்ததாக அந்த நாட்டு அரசே கணக்கெடுத்தது. சின்ன எண் போலத் தெரியலாம். என்னைச் சம்மதிக்க வைத்தது வேறொரு கணக்கு. இழை பல்ப் சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடிக்கு அந்தத் தாமதம் கிடையாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்றால் நாலரை மீட்டர். அம்பாசடரின் முழு நீளமே அவ்வளவுதான்.

பின் கண்ணாடிக்குக் கீழே உள்புறம், சிவப்பு எல்இடி பட்டை ஒன்று. பாடியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை, இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். முதலில் டபுள் டேப்பில் ஒட்டினேன், மே மாத வெயிலில் பசை உருகி விழுந்தது. அப்புறம் எல் வடிவத் தகடு வைத்து முடுக்கினேன். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் ராத்திரியில் உள் கண்ணாடி முழுக்கச் சிவப்பு அடிக்கும், கவனம். இரண்டாவது கோடையில் மூன்று எல்இடி அணைந்ததால் பட்டையை ஒருமுறை மாற்றிவிட்டேன்.

இண்டிகேட்டரில் எல்இடி போடவில்லை. பழைய பிளாஷர் பல்ப் இழுக்கும் மின்சாரத்தில் சூடேறித்தான் விட்டுவிட்டு எரியும். எல்இடி இழுப்பது கொஞ்சம், அதனால் படபடவென்று அடிக்கும் அல்லது அசையாமல் எரியும். எலக்ட்ரானிக் பிளாஷர் மட்டும் வாங்கிப் போட்டேன், அதுவும் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிகிற ஹசார்டுக்காக. நாலு பல்புக்கும் சேர்த்து 84 வாட்டைப் பழையது தாங்காது. ஹசார்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று: காளவாசல் மாதிரி சந்திப்பில் நேராகப் போக நாலையும் போடுகிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதை யார் ஆரம்பித்தது? பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு பக்க விளக்குத்தான் தெரியும். நாம் திரும்பப் போகிறோம் என்று அவன் ஒதுங்குவான்.

மொத்தத்தில் மிகக் குறைந்த காசில் கிடைத்தது பம்பரின் இரு ஓரத்திலும் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர்கள்தான். போன ஐப்பசியில் ஆண்டிபட்டிக் கணவாயில் பெட்ரோல் பம்ப் மக்கர் செய்து ஒன்றரை மணி நேரம் ஓரமாக நின்றேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தேன். வளைவில் திரும்புகிற ஒவ்வொரு லாரியின் வெளிச்சத்திலும் அந்த இரண்டும் கங்கு மாதிரி மின்னின. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிக்கொண்டு ஒற்றை விளக்குக்கூட இல்லாமல் போகிற டிராக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம், ஆளுக்கு ரெண்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று தோன்றும்.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மழைக்கு முன்னால் விளக்குக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று சுற்றிலும் சிலிக்கான் அடித்தேன், அடியில் இருந்த சின்ன ஓட்டையையும் சேர்த்து. அது தண்ணீர் வடிவதற்கு விட்ட ஓட்டை. ஐப்பசி மழை மேலிருந்து எப்படியோ உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், இடது விளக்கு மீன் தொட்டி ஆகிவிட்டது. ஹோல்டர் துருப்பிடித்துப் புதிதாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது புது ரப்பர் வாஷர், ஓட்டை திறந்தபடி.

ராத்திரி ஷெட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் விழும் சிவப்பைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தெரிந்தால் போதும், இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. வலது பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி வெயிலில் வெளுத்து ஆரஞ்சாகிவிட்டது, அது ஒன்றுதான் பாக்கி. புதிதாக வருகிற கண்ணாடி இரண்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்று அளவில் உட்காரவில்லை, இன்னொன்று ரத்தச் சிவப்பில் அடர்த்தியாக இருந்து வெளிச்சத்தையே விழுங்கியது. பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.