மூணாவது வார போட்டோவைக் காட்டி விற்கிறார்கள்: கொழுப்பு ஏற்றிய மார்பு எத்தனை நாள் நிற்கும்?

‘இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பை) வேண்டாம். உங்கள் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து மார்பில் வைக்கிறோம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். லைஃப் லாங் ரிசல்ட்.’ ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பெண்களின் மொபைலில் இப்படி விளம்பரம் ஓடுகிறது. முதல் மூன்று வரிகள் உண்மையாக இருக்கலாம். நாலாவது வரியில்தான் வில்லங்கம்.

போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருவர். வயது 31, இரண்டு பிள்ளைகள், எடை 47 கிலோ. தாய்ப்பால் நிறுத்திய பிறகு மார்பு சுருங்கிவிட்டது என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கோஆர்டினேட்டர் உட்கார வைத்துப் பேசிவிட்டார். “இது எத்தனை வருஷம் நிக்குங்க மேடம்?” என்று இவர் கேட்டதற்கு, “உங்க சொந்தக் கொழுப்புதானேங்க, எங்க போகப் போவுது?” என்பது பதில். 1,60,000 ரூபாய் கட்டினார். அதில் ‘ஸ்டெம் செல்’ (புதுத் திசுவாக வளரக்கூடிய செல்) என்று தனியாக 25,000. காலை 10 மணிக்கு உள்ளே கூட்டிப் போனவர்கள் 11:20க்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஒரு பக்கத்துக்கு 300 மில்லி’ என்று ஒரே வரி.

இருபதாம் நாள் கிளினிக்கிலேயே நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. உறவில் ஒரு கல்யாணத்துக்காக ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்து விட்டுப் போட்டுக்கொண்டார். மூன்றாம் மாதம் அது தொளதொளத்தது. ஐந்தாம் மாதம் அதே டெய்லரிடம் கொடுத்துப் பிரித்த இடத்தையே மறுபடி பிடிக்க வேண்டி வந்தது. இடது பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி வேறு. கிளினிக்கில் கேட்டால், “உங்க பாடி அப்சார்ப் பண்ணிடுச்சுங்க. மீதிக் கொழுப்பு நம்ம ஃபிரீசர்லதான் இருக்கு, 60,000 கட்டினா டச்-அப் பண்ணிடலாம்” என்கிறார்கள்.

இவருக்குச் சொன்னதில் எது பொய், எது பாதி உண்மை என்று பிரித்துப் பார்த்தாலே, இது எத்தனை நாள் நிற்கும் என்பதற்குப் பதில் வந்துவிடும்.

ஏற்றிய கொழுப்பு முழுவதும் பிழைப்பதில்லை. நல்ல கையில் செய்தால் பாதியில் இருந்து முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மோசமாகச் செய்தால் அதிலும் பாதிதான். பிழைத்தது ரத்த ஓட்டம் பெற்று உங்கள் உடம்பின் கொழுப்பாகவே இருக்கும், அதற்குக் காலாவதி தேதி கிடையாது. பிழைக்காததை முதல் சில மாதங்களில் உடம்பு கரைத்துவிடும். ஆகவே ‘எத்தனை வருஷம்’ என்று கேட்பதைவிட, ‘ஆறாம் மாதத்தில் எவ்வளவு மிச்சம்’ என்று கேட்பதுதான் சரி. மூன்றாம் மாதமே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆறாம் மாதம் இருப்பதை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் கண்ணாடியில் தெரிவதில் ஏற்றிய கொழுப்பும் உண்டு, வீக்கமும் உண்டு. அதனால்தான் விளம்பரப் போட்டோக்கள் மூணாவது வாரத்தில் எடுக்கப்படுகின்றன. போட்டோ காட்டினால், ஆபரேஷன் ஆகி எத்தனையாவது மாதம் எடுத்தது என்று கேளுங்கள். ஆறு மாதம் தாண்டிய போட்டோ ஒன்றுகூட இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஏன் பிழைப்பதில்லை என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். நாற்றங்காலில் பிடுங்கிய கேழ்வரகு நாற்றை ஒன்றிரண்டாகப் பிரித்து ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். கட்டோடு ஒரே குழியில் வைத்தால் வெளிச்சுற்றில் நாலு பிழைக்கும், நடுவில் இருப்பது அழுகும். கொழுப்பும் அப்படித்தான். ரத்தக் குழாயில் இருந்து பிய்த்து எடுத்த செல், புதுக் குழாய் வந்து சேரும்வரை சில நாட்கள் பக்கத்துத் திசுவில் இருந்து கசியும் ஆக்ஸிஜனை நம்பி உயிர் வாழ வேண்டும். அந்தக் கசிவு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது. கொத்தாகப் போய் விழுந்த கொழுப்பின் நடுப்பகுதி செத்து எண்ணெயாகிவிடும்.

ஆகவே ஒழுங்காகச் செய்பவர் மெல்லிய, முனை மழுங்கிய கேனுலா என்ற குழாயை உள்ளே விட்டு, வெளியே இழுத்துக்கொண்டே வரும்போது ஒரு மில்லி அல்லது அதற்கும் குறைவாக நூல் மாதிரி விட்டுக்கொண்டு வருவார். தோலுக்கு அடியில், மார்புச் சுரப்பிக்குப் பின்னால் என்று பல அடுக்கில், பல திசையில் விட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 300 மில்லி என்றால் குறைந்தது 300 இழுப்பு. இரண்டு பக்கம் 600. இதற்கு முன்னால் கொழுப்பு எடுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், கடைசியில் தையல் போட வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, பெரும்பாலும் அதற்கு மேலேயே ஆகும். 80 நிமிஷத்தில் முடிந்தது என்றால் 60 மில்லி சிரிஞ்சை வைத்து அழுத்தித் தள்ளியிருக்கிறார்கள், இல்லையென்றால் 300 மில்லி என்பதே பொய்.

அந்த 300 எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. கொழுப்பு எடுக்கும் முன் வயிற்றிலும் தொடையிலும் சலைனில் மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்து ஏற்றுவார்கள். பிறகு உறிஞ்சும்போது அந்தத் தண்ணீரும் சேர்ந்தே வரும். பாட்டிலை நிற்க வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும்: அடியில் ரத்தம் கலந்த தண்ணீர், நடுவில் மஞ்சள் கொழுப்பு, மேலே உடைந்த செல்லில் இருந்து வந்த எண்ணெய். மார்பில் ஏற்ற வேண்டியது நடு அடுக்கை மட்டும். அடித்தண்ணீரை வடிக்க வேண்டும், மேல் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது, வடிகட்டுவது, கழுவுவது எல்லாம். பாட்டிலில் 600 மில்லி நிற்கிறது என்றால் சுத்தமான கொழுப்பு அதில் பாதிக்குப் பக்கம்தான் தேறும். சில இடங்களில் பாட்டில் அளவையே கொழுப்பு அளவாகத் தாளில் எழுதிவிடுகிறார்கள். வடிக்காமல் அப்படியே ஏற்றினால் தண்ணீர் ஓரிரு வாரத்தில் வற்றிவிடும், எண்ணெய் கட்டியாக நிற்கும்.

47 கிலோ பெண்ணிடம் 600 மில்லி சுத்தக் கொழுப்பு தேற்றுவதே பெரும்பாடு. ‘கொழுப்பு பத்தாது, உங்களுக்கு இது சரிப்படாது’ என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய கேஸ் இது. வேறு சில இடங்களில் ‘அஞ்சு கிலோ ஏத்திக்கிட்டு வாங்க’ என்பார்கள். அது இதைவிட மோசம். ஏற்றிய எடையை அப்புறம் இறக்கும்போது, மார்பில் நட்ட கொழுப்பும் கூடவே இளைக்கும். கொழுப்பு செல் எங்கே போய் உட்கார்ந்தாலும் அதன் குணம் மாறாது. உடம்பு பெருத்தால் பெருக்கும், மெலிந்தால் மெலியும். வழக்கமான எடையில் ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் இருப்பவர் செய்துகொள்வதே நல்லது. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடலாம், கர்ப்பமும் பால் கொடுப்பதும் அளவையும் வடிவத்தையும் மறுபடி மாற்றிவிடும். தொங்கல் விழுந்த மார்பைக் கொழுப்பு தூக்கி நிறுத்தாது. அதற்கு வேறு ஆபரேஷன்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பிரா கப் அளவில் சொன்னால், ஒரு தடவைக்குக் கிடைப்பது அரை கப், மிஞ்சினால் ஒரு கப். 300 மில்லி ஏற்றி அறுபது சதவீதம் நின்றால் 180 மில்லி, அதுவே ஏறத்தாழ ஒரு கப். ‘ரெண்டு கப் கூட்டிடலாம்’ என்று அளவுக்கு மீறி ஏற்றினால் உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நசுங்கும், பிழைக்க வேண்டியதும் செத்துவிடும். கூடுதலாகத் திணித்தால் கடைசியில் கூடுதலாக மிஞ்சும் என்று நினைப்பது இந்தத் தொழிலின் பழைய தப்புக் கணக்கு.

ஃபிரீசர் சங்கதி சுத்த ஏமாற்று. சாதாரண ஃபிரீசரில் வைத்த கொழுப்பில் ஐஸ் கட்டி செல்லைக் கிழித்துவிடும். அதை எடுத்து ஏற்றுவது செத்த எண்ணெயை ஏற்றுவதுதான், கிருமித் தொற்று ஆபத்து தனி. இரண்டாவது தடவை தேவைப்படுவது தவறில்லை, பலருக்குத் தேவைப்படும். ஆனால் முதல் தடவையின் கணக்கு தெளிந்த பிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம், ஆறு மாதம் பொறுத்தால் நல்லது, அதுவும் அன்றைக்குப் புதிதாக எடுத்த கொழுப்பில். அந்தச் செலவும் முதல் நாள் பேச்சிலேயே வந்திருக்க வேண்டும்.

‘ஸ்டெம் செல்’ 25,000க்கு என்ன செய்தார்கள் என்று தாளில் ஒரு வரி இல்லை. கொழுப்பில் இயல்பாகவே அந்த வகை செல்கள் உண்டு, அதற்குத் தனிக் காசு எதற்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கு ஸ்டெம் செல்லை மாற்றி வைக்கும் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அங்கீகரித்த ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது.

இனி அந்தக் கட்டி. ஸ்கேன் எடுத்த இடத்தில் ‘கட்டி’ என்று சொன்னதும் வீடே புற்றுநோய் என்று அழுதிருக்கிறது. பிறகு தெரிந்தது அது எண்ணெய்க் கட்டி. செத்த கொழுப்பு எண்ணெயாகி, சுற்றிலும் ஒரு உறை கட்டிக்கொள்ளும். நாள் போகப்போக அந்த உறையில் சுண்ணாம்பு படியும். மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) சுண்ணாம்புப் புள்ளிகள் புற்றுநோயையும் நினைவூட்டக்கூடியவை. இந்தக் குழப்பத்தைப் பயந்துதான் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் சங்கம் 1987இல் மார்பில் கொழுப்பு ஏற்றவே வேண்டாம் என்றது. அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர்) பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார் என்று தெரிந்த பிறகு, 2009இல் அந்தப் பிடி தளர்ந்தது. ஆனால் பிரித்துச் சொல்ல அவருக்கு ஒப்பிட ஒரு பழைய படம் வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ஒரு அல்ட்ராசவுண்ட், வயதுக்கேற்ப மேமோகிராம், அப்புறம் ஒரு வருஷம் கழித்து இன்னொன்று. இந்தப் பெண்ணுக்கு முன்படமே எடுக்கவில்லை. அம்மா, அக்கா தங்கைக்கு மார்பகப் புற்று இருந்ததா என்றும் கேட்கவில்லை. இனி எங்கே ஸ்கேனுக்குப் போனாலும், கொழுப்பு ஏற்றியதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் தேவையில்லாத பயாப்சியில் போய் நிற்கும். அதே சமயம், புதிதாக வந்த எந்தக் கட்டியையும் ‘அது கொழுப்புதான்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டவும் கூடாது.

வீட்டில் செய்யும் தவறாலும் கொஞ்சம் போகும். நாலு வாரத்துக்கு மார்பை அழுத்தும் எதுவும் ஆகாது: இறுக்கமான பிரா, கம்பி வைத்த பிரா, குப்புறப் படுப்பது, பிள்ளையை நெஞ்சில் சாய்த்துத் தூங்க வைப்பது. பெல்ட் போட வேண்டியது கொழுப்பு எடுத்த இடத்துக்கு, நாலு முதல் ஆறு வாரம். வயிற்றுக்குக் கொடுத்த பெல்ட் மேலேறி மார்பின் அடிப்பக்கத்தை நசுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மார்பில் ஐஸ் வைக்கக் கூடாது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவானாலும் முன்னும் பின்னும் நாலு வாரமாவது நிறுத்த வேண்டும். காய்ச்சல், மார்பு சிவந்து சூடாக இருப்பது, சீழ் என்றால் அன்றைக்கே டாக்டர். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ கிளினிக் நம்பரைத் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

போகும் முன் டாக்டரின் பதிவு எண்ணை வாங்கி மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச் அல்லது டி.என்.பி பட்டம் இருக்க வேண்டும். காஸ்மெட்டாலஜி டிப்ளமோ இதற்குப் போதாது. மயக்க மருந்து டாக்டர் யார் என்றும் கேளுங்கள். ஆபரேஷன் குறிப்பில் மூன்று எண்கள் வேண்டும்: எவ்வளவு உறிஞ்சினார்கள், பிரித்த பிறகு எவ்வளவு தேறியது, வலது இடது ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஏற்றினார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: கொழுப்பு குறைந்தது என்பதை மட்டும் வைத்துக் கேஸ் நிற்காது, நன்றாகச் செய்தாலும் கொஞ்சம் குறையும். ‘லைஃப் லாங்’ என்று சொல்லி விற்றது, கரையும் என்று ஒப்புதல் படிவத்தில் சொல்லாதது, செய்யாததற்குப் பில் போட்டது, இவைதான் பிடி. மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. நுகர்வோர் புகாரை 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம், கிளினிக் பெங்களூரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் விவரம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கோஆர்டினேட்டரோடு பேசிய வாட்ஸ்அப் முழுவதையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒரு போனுக்கு அனுப்பி வையுங்கள். கிளினிக்குக்குக் கடிதம் போவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.