கம்ப்யூட்டர் மெதுவாக அணைகிறது என்று கடைக்குத் தூக்கிப் போகிறீர்களா? 6,800 ரூபாய் தொலைத்தவள் எழுதுகிறேன்

நேற்று மாலைதான் எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. இன்னும் வயிறு எரிகிறது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரைக்குடியில் கம்ப்யூட்டரும் கண்காணிப்புக் கேமராவும் பழுதுபார்க்கும் கடை, அவ்வளவு போதும். இவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். பில் போடுவதற்கு முகப்பு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இரவு அதை அணைக்கக் கொடுத்தால் நாலு நிமிடம் வட்டம் சுற்றும். நான் இரண்டாம் கட்டு வரை போய் எல்லாக் கதவையும் தாழிட்டு, கொல்லைப்புற விளக்கை அணைத்துத் திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பொறுமை இழந்து சுவிட்சை அமுக்கிவிட்டேன். மறுநாள் பில் கணக்குத் திறக்கவில்லை. அதற்குப் பயந்துதான் பெட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போனவுடன் நாற்காலி, மோர். "ஆச்சி, எங்கள் அம்மா உங்கள் சீப்புச் சீடையைத் தவிர வேறு வாங்கமாட்டார்கள்" என்றான் கடைப் பையன். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். பிறகு எதையோ திறந்து காட்டினான். திரை முழுக்கச் சிவப்புக் குறிகள். "இத்தனை பழுது இருக்கிறது, எப்படி ஆச்சி சீக்கிரம் அணையும்?" எனக்குப் பகீரென்றது. அது விண்டோஸ் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேடு என்பதும், நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அப்படிச் சிவப்புக் குறிகள் கிடக்கும் என்பதும் நேற்றுத்தான் தெரியும்.

பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற 2,300, மதர்போர்டு சர்வீஸ் 3,000, விண்டோஸ் சுத்தம் செய்ய 1,500. ஆக 6,800 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்கு எதற்கு ஆச்சி வீண் செலவு?" என்றான். என் மேல் என்ன கரிசனம்! இரண்டு நாள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அணைத்தேன். அதே நாலு நிமிடம்.

போன் செய்தால் முதல் நாள், "புதிய பாகம் பழக நேரமாகும்". எஸ்.எம்.பி.எஸ். என்ன மருமகளா, வீடு பழகுவதற்கு? அடுத்த நாள், "அண்ணன் மதுரைக்குப் போயிருக்கிறார்". அதற்கடுத்து, "உங்கள் வீட்டு வயரிங் பழசு ஆச்சி, பெரிய வீட்டுக் கரண்ட் அப்படித்தான்". நேரில் போனால், மோர் கொடுத்த அதே பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேருக்கு வாரண்டி கிடையாதாம். நாற்காலியும் கிடையாது.

நேற்றுக் கோவையிலிருந்து மகன் வீடியோ அழைப்பில் வந்து, அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். விண்டோஸின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்' என்று ஒரு வரி. அதில் 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது. ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இடம் பற்றாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பைப் பயன்படுத்துமாம். 1 என்று இருந்தால், அணைக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பு முழுவதையும் சுழியம் எழுதி அழித்துவிட்டுத்தான் அணையும். என்னுடையதில் அது 16 ஜி.பி. பழைய டிஸ்க் நொடிக்கு 80 எம்.பி. எழுதினாலும் 200 நொடி. முன்பு பில் சாஃப்ட்வேர் போட்டவர் பாதுகாப்புக்கென்று மாற்றியிருக்க வேண்டும். மகன் 1ஐ 0 ஆக்கி, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தான். அடுத்து அணைத்தபோது 18 நொடி. ஒரே ஓர் எண்ணுக்கு 6,800 ரூபாய்!

கதை இன்னும் இருக்கிறது. "ஆத்தா, ரேம் 4 ஜி.பி. என்று காட்டுகிறதே, நாம் வாங்கியது 8 அல்லவா?" என்றான். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். 8 தான். சர்வீஸ் என்ற பெயரில் உள்ளே இருந்ததையும் கடைக்காரன் கழற்றி எடுத்துக்கொண்டிருக்கிறான். இப்போது கேட்டால், "கொண்டுவந்தபோதே 4 தான்" என்கிறான். என்னிடம் அவன் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, பொறுமையும் இல்லை. பெட்டியைக் கொடுக்கும் முன் ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்தால் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். சிவப்புக் குறியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அழைக்கத்தான் போகிறேன், கையில் பில் இல்லாமல் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.